புழுதி, வாளி, தலையணை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தினமும் முதல் நினைப்பு. இங்கே நான் நலம். உன் அப்பாவும் உன் மாமாவும் நலமோ நலம், கொஞ்ச நாளாக ஒருவரையொருவர் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் கொட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் எனக்கு எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு சாப்பாட்டு மேசைக்கு நடுவில் வைத்துவிட்டு மாடியைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார். என் தம்பி, அதுதான் உன் அருமை மாமா, முட்டி வலி என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தவன், மாடிப்படியைக் குதித்து இறங்கி வந்து எனக்கென்று போட்டு வைத்த நாற்காலியில் உட்காருவான். அப்புறம் மூன்று பேரும் சிரிப்பதுதான் கேட்கும். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றால், நீ என்ன சொன்னாய் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் உனக்குப் புரியாது என்பார்கள். கடைசியில் என் முறை வரும். அம்மா சாப்டியா, மாத்திரை போட்டியா, சரிம்மா வெச்சிடட்டுமா என்பாய். ஒரு ராணுவ டிரைவருக்கும் ஒரு கப்பல் சமையல்காரனுக்கும் அரை மணி நேரம், பெற்றவளுக்கு மாத்திரை விசாரிப்பு. அதனால்தான் இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் நாங்கள் டீ குடிக்கும் அறையில். அடுத்த ஆபரேஷனுக்கு வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் வந்து தள்ளிப் போட்டுவிட்டார்கள், பாவம் அவர், எனக்கு நேரம் கிடைத்தது. வீட்டில் எழுதினால் உன் அப்பா கண்ணாடியைத் தேடுகிற மாதிரி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்.

வீட்டுச் சமாசாரம் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகள் இப்போது உயரப்படி வரிசையில் நின்றுதான் ஏற வேண்டுமாம். குள்ளமாக இருப்பதால் என் பையன் எப்போதும் முதலிலேயே ஏறி வெயிலில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு அம்மா பள்ளிக்கூடத்தில் புகார் கொடுத்துவிட்டாள். மறுநாளே வரிசையைத் திருப்பிப் போட்டார், இப்போது நெட்டைப் பிள்ளைகளின் அம்மாக்கள் புகார் கொடுக்கிறார்கள். உன் மாமா சாப்பாட்டுக் கடையில் இன்னும் ஒரு கப்பலுக்கே சமைக்கிறான். வருகிறவர்கள் பஸ் டிப்போவில் வேலை செய்கிறவர்களும் எதிர் பேங்க்கில் இருப்பவர்களும்தான், அவர்கள் சாப்பிட்டது போக மிஞ்சுவதெல்லாம் நம் வீட்டு ஃபிரிட்ஜில். முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கலாம் வா என்றால் வர மாட்டேன் என்கிறான். தடி பிடிக்க வெட்கப்பட்டு, பெரிய அண்டாக் கரண்டியை ஊன்றிக்கொண்டு கடைக்குள் நடக்கிறான், கேட்டால் கையில் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன் என்கிறான். உன் அறையில் மாடிக் குழாய்த் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்துவிட்டது. உன் துணியெல்லாம் எடுத்து வெயிலில் போட்டு மடித்து வைத்திருக்கிறேன், கவலைப்படாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறாமை. உங்கள் மூன்று பேர் மேலும் பொறாமை. நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அதை அவர்கள் இருவர் வாயால்தான் கேட்டிருக்கிறாய், என் வாயால் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் என் தம்பி கடற்படையில் சேர்ந்தான். முதல் லீவில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றான். நான் பூரித்துப் போய்க் கதவைத் திறக்கிறேன், உன் அப்பா உள்ளே இருந்தபடி, வாளி வந்துடுச்சா, உள்ள வரச் சொல்லு என்கிறார். கப்பல்காரர்களுக்கு வேலையே ஓட்டைக் கப்பலில் தண்ணீரை மொண்டு ஊற்றுவதுதான் என்று ராணுவத்தில் பேச்சாம். நான் பயந்து போனேன், தம்பி கோபித்துக்கொள்வான் என்று. அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த உன் அப்பாவின் ராணுவச் சட்டையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினான். துவைத்த சட்டையிலிருந்து அப்படி ஒரு தூசி. அத்தான் வீட்ல இல்லியா, புழுதி மட்டும்தான் இருக்கு என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது. சமைத்து வைத்துக்கொண்டு நான் காத்திருக்கிறேன், இரண்டு பேரும் ஒருவர் படையை ஒருவர் கிழித்துக்கொண்டு மணிக்கணக்காகக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் எனக்குத் தம்பி, இவர் எனக்குப் புருஷன், இருவரையும் கொண்டு வந்து சேர்த்தவள் நான், அன்று சாயங்காலத்திலிருந்து நான் வெளியாள்.

நீ விமானப்படைக்குப் போகிறேன் என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெண் பிள்ளை, என் பக்கம் ஒரு ஆள் கிடைத்தாள், இவர்கள் இருவரையும் இனி நாம் இருவரும் சேர்ந்து ஒரு கை பார்க்கலாம் என்று நினைத்தேன். நடந்தது என்ன? ஜென்ம விரோதிகள் இருவரும் அன்றைக்கு ஒன்று கூடி உட்கார்ந்து உனக்குப் பெயர் தேடினார்கள். விமானப்படையில் எல்லோரும் மெத்தையில் தூங்கி எழுந்து, காபி குடித்து, தலை சீவிக்கொண்டு சண்டைக்குப் போவார்கள், அதனால் தலையணை என்று முடிவு செய்தார்கள். நீ ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அடுத்த வாரமே, ஹலோ தலையணை பேசறேன், புழுதி இருக்காரா என்று நீயே போனில் கேட்கிறாய். போனை எடுத்தது நான்தான். கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தேன்.

பல்பு மாட்டிய கதையை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. நீயும் லீவில் வந்திருந்தாய், சமையலறையில் பல்பு போய்விட்டது, மூவரும் மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் உற்சாகமாக இருந்தது. டேய் வாளி, வந்து இந்த பல்ப மாட்டுடா என்று சொன்னேன். அவ்வளவுதான். மேசையில் பேச்சு நின்றது. என் தம்பி எழுந்து வந்து பல்பை மாட்டினான். உன் அப்பா என்னிடம் மெதுவாக, அத நீ சொல்லக் கூடாதும்மா, வேற படைக்காரன்தான் சொல்லணும் என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய். அந்தப் பெயரை வைப்பதற்கும் கூப்பிடுவதற்கும் இன்னொரு உடுப்பு போட்டிருக்க வேண்டும் என்று சட்டமாம். பெற்று வளர்த்த உடுப்பெல்லாம் கணக்கில் இல்லை.

முன்னாள் வீரர்கள் சங்கத்தில் ஆண்டு விழா நடந்ததை உனக்கு அவர்கள் வீடியோவில் காட்டியிருப்பார்கள். ராணுவத்துக்கும் கடற்படைக்கும் கயிறு இழுக்கும் போட்டி. எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் முட்டி வலி, ஆனால் கயிற்றைப் பிடித்ததும் பார்க்க வேண்டுமே. கடற்படை ஜெயித்தது. உன் மாமா அன்றே நம் வீட்டு வாசலில் ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டான், மறுநாள் காலையில் உன் அப்பா அதில் மண்ணை நிரப்பி வைத்திருந்தார், கழற்ற முடியாமல் நான்தான் தலையில் இடித்துக்கொண்டேன். விழாவில் எனக்குக் கொடுத்த வேலை எலுமிச்சை ஜூஸும் முதலுதவிப் பெட்டியும். ஒரு பெரியவருக்குக் கை உரிந்திருந்தது, கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போன ஒரு பழைய விமானப்படைக்காரரைப் பார்த்து அவர், தலகாணியெல்லாம் வெயில்ல வரலாமா என்று கத்தினார். அந்த மனிதர் திரும்பி வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்கள்! அந்தப் பெயர் நம் வீட்டில் மட்டும் வைத்ததில்லை என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. கட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னை அந்த இடத்தில் எல்லோரும் அம்மா, மேடம், சிஸ்டர் என்று எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டார்கள் தெரியுமா.

வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவளுக்கு ஒரு லாபம் உண்டு, உள்ளே இருக்கிறவர்கள் கவனிக்காததெல்லாம் கண்ணில் படும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் மாமாவின் கப்பலில் இன்ஜின் அறை தீப்பிடித்தது, கை முழுக்கக் கட்டோடு வீட்டுக்கு வந்தான், கூட இருந்த நண்பன் வரவில்லை. அப்போது உன் அப்பா அவனை வாளி என்று கூப்பிடவே இல்லை. வா தம்பி, உக்காரு தம்பி, சாப்பிடு தம்பி. மாதக்கணக்கில் இப்படி நடந்தது. அப்புறம் ஒரு நாள் உன் மாமாவே, என்ன புழுதி, வாய் செத்துப்போச்சா என்று கேட்டான். உன் அப்பா குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, ஓட்டை வாளிக்கு இவ்ளோ வாயா என்றார். அன்றைக்குத்தான் என் தம்பி நன்றாகச் சாப்பிட்டான். அதனால் இந்த வீட்டில் எவராவது எவரையாவது மரியாதையாகக் கூப்பிட்டால், ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்றுதான் எனக்கு அர்த்தம்.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது உன் மாமா, அத்தான் உப்பு வேணுங்களா என்று கேட்டான். உன் அப்பா, வேண்டாம் தம்பி, நன்றி என்றார். நன்றியாம்! நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். முதலில் உன் அப்பாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் கையைப் பிடித்து இழுத்து பிரஷர் பார்த்தேன், நன்றாக இருந்தது. உன் மாமாவின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன், அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவன் உன் அப்பாவிடம் சொன்னானாம். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது, நீ கூப்பிட்டாய். உன் அப்பா போனை எடுத்ததும், சாப்பிட்டியாம்மா கண்ணு என்றார். தலையணை என்று சொல்லவில்லை. நீயும் சாப்பிட்டேன்ப்பா என்றாய், புழுதி என்று சொல்லவில்லை. உன் மாமா மேசை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சீக்கிரமாகவே பேச முறை வந்தது, அம்மா மாத்திரை போட்டியா என்று கேட்டாய், உன் குரல் எனக்குத் தெரியாதா.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் நேராக உன் மாமாவின் கடைக்குப் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்று, பாப்பாவுக்கு என்னடா என்று ஒரே கேள்விதான் கேட்டேன். ஒன்றுமில்லை அக்கா என்றான், கண்ணைத் துடைத்தான், வெங்காயம் என்றான், அங்கே வெங்காயமே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன் மேல் கோபப்படாதே, நான் சொல்ல வைத்தேன்.

விமானத்தில் பழுது பார்க்கும் வேலையை முடித்துவிட்டு ஸ்பேனர் பெட்டியை மூடும்போது, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் வெட்டி வைத்த பள்ளத்தில் அது அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் மூட வேண்டுமாம். ஷிஃப்ட் முடிந்து உங்களை ஏற்றிப் போகும் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது என்று நீ ஒரு பார்வை பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு மூடிவிட்டாய். அடுத்த ஷிஃப்ட்காரர்கள் திறந்தால் ஒரு பள்ளம் காலி. எல்லா விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள், ஏறி உட்கார்ந்துவிட்ட விமானியை இறக்கினார்கள். விரல் நீளம் கூட இல்லாத அந்தச் சின்ன ஸ்பேனர் அவர் காலுக்குக் கீழே, மிதிக்கும் கட்டைக்குப் பின்னால் கிடைத்ததாம். அது அப்படியே மேலே போயிருந்தால் என்று ஆரம்பித்த வாக்கியத்தை உன் மாமா முடிக்கவில்லை, நானும் முடிக்கப் போவதில்லை, நீ விழித்திருக்கிற நேரமெல்லாம் அதைத்தான் முடித்துக்கொண்டிருப்பாய். உன்னை விமானத்தின் பக்கம் விடாமல் ஸ்டோரில் உட்கார வைத்துக் கையுறையும் துடைக்கிற துணியும் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது தண்டனை, அதை நீ தாங்கிக்கொள்வாய். உனக்குத் தாங்காதது வேறு ஒன்று என்று உன் மாமா சொன்னான். விமானிகள் உங்களைக் கிரீஸ் என்று கூப்பிடுவார்களாம், நீங்கள் அவர்களைக் கூலிங்கிளாஸ் என்பீர்களாம். இப்போது கையுறை வாங்க வருகிற கூலிங்கிளாஸ் எல்லாம் உன் பெயரை முழுசாகச் சொல்லி, மேடம் என்று சேர்த்து, தயவுசெய்து ஒரு ஜோடி என்கிறார்களாம். மாதம் முடியும்போது ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாயாம். அப்பா வந்துடு என்கிறார், மாமா பொறு என்கிறான், அதை வைத்து இருவரும் மரியாதையாகச் சண்டை போடுகிறார்கள்.

அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க என்று நீ சொன்னாயாம். அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. நீ தப்பு செய்தது எனக்குத் தாங்குகிறது. அதை நீ போய் அவர்களிடம் சொன்னது தாங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய் என்று பார். உன் அப்பா ஒரு லாரி ஜாக்கியை மலைப்பாதையில் மறந்துவிட்டு வந்தவர், அதற்காக யாரும் மலையை நிறுத்தவில்லை. உன் மாமா சூப் அண்டாவுக்குள் கரண்டியைத் தொலைத்தவன், கடைசியாகச் சாப்பிட்டவன் தட்டில் அது வந்தது, எல்லோரும் கை தட்டினார்களாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று இந்த வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது உள்ளே போன பஞ்சுத் துணி எத்தனை, கத்தி கத்தரி எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணுகிறவள் நான். நான் சரி என்று சொன்னால்தான் டாக்டர் தையல் போடுவார். ஒன்று குறைகிறது என்று நான் சொல்லும்போது அந்த அறையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இந்த வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரம் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டியவள் நான் இல்லையா? பயந்துவிடுவேனாம். எனக்குப் பயம் இல்லையடி, எரிச்சல்தான்.

சரி, திட்டி முடித்துவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். எங்கள் தியேட்டரில் பஞ்சு என்று இப்போது எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான். வந்த புதிதில் எண்ணிக்கை சரி என்று சொல்லிவிட்டாள், நான் மறுபடி எண்ணினால் ஒரு துணி குறைகிறது. டாக்டர் ஊசியோடு நிற்கிறார், அவள் தரையெல்லாம் தவழ்ந்து தேடுகிறாள். கடைசியில் துணி டிராலி சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் அவளிடம் ரொம்ப நன்றாக நடந்துகொண்டார்கள், தள்ளி நின்று நன்றாக நடந்துகொண்டார்கள். அவள் மெலிந்துகொண்டே போனாள், டீ நேரத்தில் பாத்ரூமில் போய் நின்றுகொள்வாள். மயக்க மருந்து டாக்டர் ஒருவர் இருக்கிறார், யாரைப் பார்த்தாலும் வம்புக்கு இழுப்பவர். அவர்தான் ஒரு நாள், யம்மா பஞ்சு, டீ ஆறுது, சக்கரத்துல ஒட்டிக்காம வந்து குடி என்று கத்தினார். அறை முழுக்கச் சிரித்தது. அவள் அழுதுகொண்டே வந்து டீ குடித்தாள், இரண்டு பிஸ்கட்டும் தின்றாள். இன்றைக்கு அவள் எண்ணினால் நான் இரண்டாவது தடவை எண்ணுவது சட்டத்துக்காகத்தான். ஆக, உன்னை அங்கே யாரும் இன்னும் மன்னிக்காமல் இல்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேடம் மேடம் என்று சுற்றி வருகிறார்கள். எவனாவது ஒருவன் வாயைத் திறக்க வேண்டும், அதற்குள் நீ மூட்டை கட்டிவிடாதே. வேலை பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு, உன் அறையில் பூஞ்சையைத் துடைத்து வைக்கிறேன். மரியாதை தாங்காமல் ஓடி வந்தேன் என்று மட்டும் வராதே. இங்கே வந்தால் உன் அப்பாவும் மாமாவும் இன்னும் கூடுதலாக மரியாதை கொடுப்பார்கள், செத்துப் போவாய். எனக்கு அதில் நீண்ட அனுபவம். இந்த வீட்டில் யாரும் வாராத ஒரே ஆள் நான்தான், அது எப்படி இருக்கும் என்று கொஞ்ச நாளாக உனக்கும் தெரிந்திருக்கிறது. சொல்லக் கூடாது, ஆனால் உன் மாமா சொல்லச் சொல்லக் கேட்டபோது எனக்கு ஒரு மூலையில், அப்பாடா இவளுக்கும் தெரிந்தது என்று இருந்தது. பெற்றவளுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாதுதான், தோன்றியது.

இன்னொரு விஷயமும் யோசித்து வைத்திருக்கிறேன். வேறு படைக்காரர்தான் பெயர் வைக்கலாம் என்றுதானே சட்டம்? நானும் உடுப்பு போட்டவள்தான். பச்சைக் கவுன், பச்சைத் தொப்பி, வாய்க்கு முகமூடி, காலுக்கு உறை. உங்கள் மூன்று படைகளிலும் அடிபட்டு வருகிறவனைக் கடைசியில் படுக்க வைப்பது எங்கள் படையின் மேசையில்தான். இதை உன் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் ரொம்ப யோசித்துவிட்டு, அதுல ஒரு நியாயம் இருக்கு என்றார். உன் மாமா கரண்டியைத் தரையில் தட்டி ஒத்துக்கொண்டான். அதனால் இப்போது எனக்கு உரிமை உண்டு. கேட்டுக்கொள்: தலையணைக்குள்ளே ஸ்பேனரை வைத்துத் தைத்தவளே, அடி ஸ்பேனர் தலையணை, அதில் தலை வைத்துப் படுத்த கூலிங்கிளாஸுக்குக் கழுத்து சுளுக்காமல் போனது உன் அதிர்ஷ்டம். எப்படி இருக்கிறது? இதை எழுதுவதற்குள் மூன்று தடவை அடித்துத் திருத்தினேன், தாளைப் பார்த்தாலே தெரியும். நான் இதுவரை யாருக்கும் பட்டப்பெயர் வைத்ததில்லை, சரியாக வந்திருக்கிறதா என்றும் தெரியவில்லை. உனக்கு வலித்தால் வலித்தது என்று சொல். ஆனால் இனி உன்னை நான் இப்படித்தான் கூப்பிடுவேன், போனில் எல்லோருக்கும் முன்னால், அவர்கள் இருவரும் கேட்கட்டும்.

பஞ்சு வந்து கூப்பிடுகிறாள், கை கழுவப் போக வேண்டும். நன்றாக இரு. உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உன் கை தொட்டதில் ஏறிப் போகிற ஒவ்வொருவரும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், இதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். குளிர் வருகிறது, ஸ்டோரில் சிமெண்ட் தரையில் காலுறை இல்லாமல் நிற்காதே. இந்தக் கடிதத்தைப் பற்றி அந்த இருவரிடமும் மூச்சு விடாதே, ஒன்றாவது எனக்கும் உனக்கும் மட்டும் இருக்கட்டும். ராஜினாமா எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு பதில் எழுது, போனில் இல்லை, தாளில். முதல் வரியை வைத்தே உன் நிலைமையைத் தெரிந்துகொள்வேன். அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம், நீங்கள் நலமா என்று மரியாதையாக ஆரம்பித்திருந்தால் மறு வண்டியிலேயே லீவு போட்டுக் கிளம்பி வந்துவிடுவேன், யார் தடுத்தாலும் நிற்க மாட்டேன். என்னை ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், எவ்வளவு மட்டமான பெயராக இருந்தாலும் சரி, என் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன். நன்றாக யோசித்து வை, இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் பெயர் வைக்கப்படாத
உன் அம்மா